கோப்பையில் எழுந்த மீன்

உலகில் புகழ் இருவகைப்படும். சிலருடைய பெயர் நிலைத்துவிடும். அவர்கள் செய்தது என்ன என்று கேட்டால் விடை சொல்ல ஆள் இருக்காது. வேறு சிலருடைய கைவேலை ஊர் ஊராகப் பரவிவிடும்; அதைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்கமாட்டார். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர். அவர் 1909ஆம் ஆண்டில் வரைந்த 78 படங்கள் இன்று கண்டந்தோறும் விற்கின்றன. தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் பெரிய புத்தகக் கடைகளில் அந்தச் சீட்டுக்கட்டைக் காணலாம். நம் விடுதிகளிலும் ஒன்றிரண்டு உண்டு என்பதை நண்பர்கள் மறுக்கமாட்டார்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவற்றுக்கு உள்ள மதிப்பே தனி.

டாரோ என்பது அந்தச் சீட்டுக்கு வழங்கும் பெயர். அந்தக் கட்டில் ஒரு சீட்டு இருக்கிறது. கடற்கரையில் ஓர் இளைஞன் நிற்கிறான். அவன் கையில் ஒரு கோப்பை. கோப்பையிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது. இதற்குக் 'கோப்பை ஏவலன்' என்று பெயர் சொல்லலாம். இதன் பொருள் என்ன என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். அறிவியல் படிப்பவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எந்தப் படத்துக்கும் பொருள் தேட ஒரு நேர்வழி உண்டு. வரைந்த கையைத் தேடிச் செல்வதே அவ்வழி. அப்படித் தேடிச் சென்றபோது எனக்குக் கிடைத்தது ஒரு சீட்டின் பொருள் மட்டுமன்று. ஒரு பெண்ணின் வாழ்க்கையும் கிடைத்தது. அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சீட்டைப் பற்றிச் சில சொற்கள். டாரோ பிறந்தது 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அது சோதிடத்துக்காகப் பிறந்ததன்று. பிரபுக்கள் பொழுதுபோக்குக்காக ஆடிய சீட்டாட்டமாகவே பிறந்தது. 1781ஆம் ஆண்டில் கூர் தெ ஜெபலென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இது பழைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதிவிட்டார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை. 1822இல் ஷாம்போலியோன் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்த பிறகு, அந்தக் கூற்றுக்கு ஆதரவாக ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை வேர் விட்டுவிட்டது. குறி சொல்வோர் கைக்குச் சீட்டு போய்ச் சேர்ந்தது.

78 சீட்டுகளில் 22 பெரியவை, 56 சிறியவை. அந்த 56ம் நமக்குப் புதியவை அல்ல. கோப்பை, வாள், நாணயம், கோல் என்ற நான்கு இனங்கள் நம் சாதாரணச் சீட்டுக்கட்டின் ஆர்ட்டின், ஸ்பேடு, டைமன், கிளாவர் ஆகியவற்றின் உறவினர்களே. ஸ்பேடு என்ற சொல்லே வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒவ்வோர் இனத்திலும் ஒன்றுமுதல் பத்துவரை எண் சீட்டுகள். அவற்றுக்கு மேல் ஏவலன், குதிரைவீரன், அரசி, அரசன் என்ற நால்வர். ஆக 16 பேர் அரசவைச் சீட்டுகள். ஏவலன் என்பவன் வெறும் வேலைக்காரன் அல்லன். பிரபுவின் வீட்டில் இருந்து பணி செய்துகொண்டே வீரனாவதற்குப் பயிற்சி பெறும் சிறுவன். சுருங்கச் சொன்னால், மாணவன்.

இனிப் பமீலாவின் கதைக்கு வருவோம்.

அவர் 1878ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர். சிறு வயது மான்செஸ்டரில் கழிந்தது. பதினோரு வயது இருக்கும்போது தந்தை சார்லஸ் எட்வர்டு ஸ்மித்துக்கு ஜமைக்காவில் வேலை கிடைத்தது. அங்கே ரயில் பாதையை நீட்டிக்கும் நிறுவனத்தில் பணி. குடும்பம் கப்பலேறியது. லண்டனில் பிறந்த அமெரிக்கப் பெண், மான்செஸ்டரின் புகை மண்டிய வானத்தை விட்டுக் கரிபியக் கடலின் வெயிலில் வளர்ந்தாள். உன் ஊர் எது என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாத பிள்ளை அவள். என் தந்தையும் வேலையை நாடி மூன்று ஊர் மாறியவர். பள்ளிப் பாடத்தை நான் மூன்று மொழிகளில் படித்தேன். ஆகையால் அந்தச் சிறுமியின் நிலையை விளக்க எனக்கு அகராதி வேண்டியதில்லை. இந்தச் சங்கத்தில் பலருக்கும் வேண்டியிராது.

ஜமைக்காவில் அவர் பெற்ற செல்வம் கதைகள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தங்களுடன் கொண்டுவர முடிந்தது நினைவு ஒன்றையே. அந்த நினைவில் அனன்சி என்னும் சிலந்தி உயிரோடு இருந்தது. உடலால் சிறியது, வலிமை அற்றது, ஆனால் தந்திரத்தால் புலியையும் ஏமாற்றிவிடும். பமீலா அந்தக் கதைகளை ஜமைக்கா மக்கள் பேசும் பேச்சிலேயே கேட்டார். அந்தப் பேச்சிலேயே மனத்தில் பதித்துக்கொண்டார்.

பதினைந்தாம் வயதில், 1893இல், நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் இருந்த பிராட் கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆர்தர் வெஸ்லி டோ என்பவர் ஆசிரியர். ஜப்பானிய மர அச்சு ஓவியங்களில் தோய்ந்தவர். இருப்பதை இருப்பதுபோல் நகலெடுப்பது ஓவியம் அன்று. கோடு, ஒளி நிழல், வண்ணம் ஆகிய மூன்றையும் இசைவாக அடுக்குவதே ஓவியம் என்பது அவர் கற்பித்த பாடம். பிற்காலத்துச் சீட்டுகளில் நாம் காணும் அழுத்தமான கரைக்கோடும், மடிப்பில்லாத தட்டை வண்ணமும் அந்த வகுப்பறையின் விளைச்சல் என்றே கொள்ளலாம். ஆனால் படிப்பு முற்றுப் பெறவில்லை. 1896இல் தாய் ஜமைக்காவில் இறந்தார். 1897இல் பமீலா பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1899இல் தந்தையும் மறைந்தார். இருபத்தொரு வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, பட்டமும் இல்லை. கையில் இருந்தது தூரிகை ஒன்றே.

அதே 1899இல் அவருடைய 'அனன்சி கதைகள்' நூல் அவர் வரைந்த படங்களோடு நியூயார்க்கில் வெளிவந்தது. பிறகு அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே அவரைத் தாங்கிக்கொண்டது ஒரு நாடகக் குழு. லைசியம் அரங்கின் புகழ் பெற்ற நடிகை எல்லன் டெர்ரி, நடிகர் ஹென்றி இர்விங், அரங்கின் நிர்வாகியும் 'டிராகுலா' நாவலின் ஆசிரியருமான பிராம் ஸ்டோக்கர் ஆகியோர் அவருக்கு உறவினர் போல் ஆயினர். குழு ஊர் ஊராகச் சென்றபோது அவரும் உடன் சென்றார். உடை வரைந்தார்; காட்சித் திரைக்கு உழைத்தார். எல்லன் டெர்ரி அவருக்கு 'பிக்ஸி' என்று செல்லப் பெயர் வைத்தார். குறும்பு செய்யும் குட்டித் தேவதை என்று பொருள்.

இங்கே ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அரங்கில் நடிகர் பேசும் முன்பே அவருடைய உடல் பேசிவிடுகிறது. அரசன் எப்படி அமர்கிறான், அச்சமுற்றவன் எப்படிக் கையை வைத்துக்கொள்கிறான், காதல் கொண்டவள் தலையை எப்படிச் சாய்க்கிறாள் என்பதைப் பமீலா இரவு இரவாகத் திரையின் ஓரத்திலிருந்து கற்றார். 1908இல் அமெரிக்க இதழ் ஒன்றில் ஓவிய மாணவருக்காக ஒரு கட்டுரை எழுதினார். நாடகங்களைத் தவறாமல் பாருங்கள்; மேடையே சிறந்த பள்ளி; மனிதர் எப்படி நிற்கிறார், எப்படி அசைகிறார் என்று கவனியுங்கள்; பார்ப்பதோடு நில்லாமல் உணரவும் செய்யுங்கள் என்பது அதன் சாரம். சீட்டுப் பொருள் சொல்லும் நூல்கள் ஆயிரம் இருக்கலாம். அவர் படங்களைப் படிக்கும் முறையை அவரே சொல்லிய இடம் இது.

லண்டனில் அவர் சும்மா இருக்கவில்லை. 1902இல் ஓவியர் ஜாக் யேட்ஸுடன் சேர்ந்து ஒரு படத்தாளை வெளியிட்டார். 1903இல் 'பசுங்கதிர்க் கட்டு' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க பெயருடன் தாமே ஓர் இதழைத் தொடங்கினார். படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். 13 இதழ்கள் வந்தன. அதற்கு மேல் பணம் இல்லை. நம் சங்க மலரைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களுக்கு இந்த வரியின் பொருள் நன்கு விளங்கும். மாலை வேளைகளில் செல்வர் வீட்டு விருந்துகளில் தரையில் அமர்ந்து, சிறு பொம்மைகளை வைத்துக்கொண்டு, ஜமைக்காப் பேச்சில் அனன்சி கதைகளைச் சொன்னார். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் வட்டத்தில் பழகினார். அந்தப் பழக்கமே அவரை 1901இல் 'பொன் விடியல்' என்னும் மறைஞானச் சங்கத்தில் சேர்த்தது. 1888இல் லண்டனில் நிறுவப்பட்ட அந்தச் சங்கத்தில்தான் ஆர்தர் எட்வர்டு வெயிட் என்பவரும் உறுப்பினராக இருந்தார்.

பமீலாவிடம் ஒரு விந்தையான ஆற்றல் இருந்தது. இசை கேட்கும்போது அவர் கண்முன் காட்சிகள் தோன்றும். பாக், பேத்தோவன், ஷூமன், தெபுஸ்ஸி ஆகியோரின் இசையைக் கேட்டுக்கொண்டே கை ஓடும் வேகத்தில் வரைவார். இசை நின்றால் காட்சியும் மறையும். இசையைப் பற்றி யோசித்து வரைந்த படங்கள் அல்ல இவை. இசை திறந்துவிட்ட கதவின் வழியே கண்டவை என்பதே அவர் தந்த விளக்கம். ஒரு புலனில் எழும் தூண்டல் மற்றொரு புலனிலும் உணர்வை எழுப்பும் நிலையை இன்றைய அறிவியல் புலன் இணைவு என்று வழங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கத்தக்க இயல்பு அது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆனால் மனத்தில் தோன்றியதை மறையும் முன் பிடித்துத் தாளில் இறக்கும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. அது பயிற்சியால் வருவது.

1907 ஜனவரியில் அந்த இசை ஓவியங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐந்தாம் நிழற்சாலை 291ஆம் எண்ணில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய சிறு கலைக்கூடம் அது. அதுவரை அங்கே புகைப்படங்களே வைக்கப்பட்டு வந்தன. புகைப்படம் அல்லாத கலைக்கு அந்தக் கூடம் முதன்முதலில் கதவு திறந்தது பமீலாவுக்கு. ரொடானுடைய கோட்டோவியங்களும் மத்தீஸின் படங்களும் அந்தச் சுவரில் ஏறியது அதற்குப் பின்புதான். கூட்டம் திரண்டது, படங்கள் விற்றன. அவருக்கு அப்போது வயது 28. இனிக் கவலை இல்லை என்று அவரும் எண்ணியிருக்கலாம். ஆனால் விதி வேறு கணக்கு வைத்திருந்தது.

1909இல் வெயிட் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். புதிய டாரோ கட்டு ஒன்று வரைய வேண்டும். 22 பெரிய சீட்டுகளில் என்ன இருக்க வேண்டும் என்பதில் வெயிட் மிகுந்த அக்கறை காட்டினார். சிறிய சீட்டுகளைப் பெரும்பாலும் ஓவியரின் கற்பனைக்கே விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கேதான் பமீலா புதுமை செய்தார். அதுவரை எண் சீட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே வரைந்திருப்பார்கள். பமீலா எண் சீட்டுகளிலும் நாடகக் காட்சிகளை அமைத்தார். கவிழ்ந்த கோப்பைகளின் முன் கறுப்புப் போர்வை போர்த்தி நிற்கும் ஒருவன். பனியில் கோயிலின் ஒளிச்சாளரத்தைக் கடந்து நடக்கும் இரு ஏழைகள். படுக்கையில் எழுந்தமர்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்ட ஒரு பெண்! இவர்கள் எல்லோரும் மேடையில் நிற்பவர்கள் அல்லரா?

இப்படி எண் சீட்டுகளிலும் காட்சி வரைந்த முன்னோடிக் கட்டு ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சோலா புஸ்கா கட்டு அது. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்று வாள்கள் துளைத்த இதயம் அதிலும் உண்டு. பமீலாவின் கட்டிலும் உண்டு. அவர் அதைப் பார்த்து வரைந்திருக்கலாம். கற்க வேண்டிய இடத்தில் கற்றுக்கொள்வது கலைஞனுக்கு இழுக்கு ஆகாது.

ஏறத்தாழ ஆறு மாதங்களில் 78 படங்களும் முடிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனின் வில்லியம் ரைடர் பதிப்பகம் கட்டை வெளியிட்டது. அதற்கு முந்திய மாதம் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகப் பெரிய வேலை ஒன்றை மிகச் சிறிய கூலிக்குச் செய்து முடித்ததாகப் பமீலா எழுதினார். வேலையின் அளவையும் கூலியின் அளவையும் அவர் அறிந்தே இருந்தார் என்பதற்கு அந்தக் கடிதம் சான்று. கட்டுக்கு 'ரைடர்-வெயிட்' என்ற பெயர் வழங்கலாயிற்று. ரைடர் பதிப்பித்தவர், வெயிட் திட்டமிட்டவர். வரைந்தவர் பெயரைக் காணோம்! ஆனால் பமீலா ஒரு காரியம் செய்திருந்தார். சீட்டுகளின் கீழ்ப்பகுதியில், தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் கொடிபோல் பின்னி ஒரு சிறு முத்திரையாக வரைந்துவிட்டார். கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது படும்.

இனி அந்தக் கோப்பை ஏவலனிடம் வருவோம்.

அரசவைச் சீட்டுகளுக்குப் பொருள் சொல்வதே கடினம் என்று டாரோ பயில்வோர் கூறுவர். காரணம் உண்டு. எண் சீட்டில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அரசவைச் சீட்டில் ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான். ஆகவே மூன்று வழிகளில் பொருள் கொள்கிறார்கள். அந்தச் சீட்டு நம் வாழ்வில் வரும் ஒரு மனிதரைக் குறிக்கலாம். அல்லது நம்முள் இருக்கும் ஒரு குணத்தைக் குறிக்கலாம். அல்லது வரப்போகும் ஒரு செய்தியையோ தொடக்கத்தையோ குறிக்கலாம். ஏவலர் நால்வரும் செய்தி கொண்டுவருபவர், கற்பவர், தொடங்குபவர். அவர்களுள் கோல் ஏவலன் தன் கோலை அண்ணாந்து பார்க்கிறான். வாள் ஏவலன் காற்று வீசும் மேட்டில் வாளை ஓங்கி நிற்கிறான். நாணய ஏவலன் பசும்புல் வெளியில் நாணயத்தை உயர்த்திப் பிடித்து அதிலேயே மூழ்கியிருக்கிறான். ஊக்கம், எச்சரிக்கை, உழைப்பு என்று மூவருக்கும் பொருள் சொல்வது எளிது.

கோப்பை ஏவலனோ பூப்போட்ட சட்டை அணிந்து, துணி தொங்கும் தொப்பியுடன், ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறான். பின்னால் அலைகள். கோப்பையில் மீன். அவன் நிற்கும் முறையைப் பமீலா சொன்னபடி நடிகனைப் பார்ப்பது போல் பாருங்கள். அவன் அஞ்சவில்லை, பின்வாங்கவில்லை. மீனைப் பிடிக்கவும் முயலவில்லை. அதைக் கடலில் எறியவும் இல்லை. கோப்பையில் மீன் எப்படி வரும் என்ற வாதத்திலும் இறங்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, அது சொல்வதைக் கேட்கிறான். மனத்தின் சித்திரங்கள் உருவம் கொள்ளும் நிலையே இது என்று வெயிட் தம் விளக்க நூலில் பொருள் எழுதினார். பொன் விடியல் சங்கத்தாரின் முறைப்படி கோப்பை நீரைச் சேர்ந்தது. ஏவலன் நிலத்தைச் சேர்ந்தவன். நீர் என்பது உணர்ச்சியும் கற்பனையும்; நிலம் என்பது உருவமும் உறுதியும். நீரின் நிலப்பகுதி என்றால் என்ன? கற்பனை கெட்டிப்பட்டு ஒரு வடிவம் பெறும் அந்தக் கணம்.

இசை கேட்டதும் காட்சி கண்டு, அது மறையும் முன் தாளில் பிடித்த பெண் ஒருத்தியை நாம் சற்று முன்னே சந்தித்தோம். இந்தச் சீட்டு அவருடைய உருவப்படம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய தொழிலின் படம் என்று சொல்வேன்.

இன்னும் ஒன்று. கோப்பை இனத்து நால்வரையும் வரிசையாக வைத்து, மீன் எங்கே போகிறது என்று பாருங்கள். ஏவலனின் கோப்பையில் மீன் உயிரோடு இருக்கிறது; அவனோடு பேசுகிறது. குதிரைவீரன் கோப்பையை ஏந்தி மெல்லச் செல்கிறான். மீன் அவன் மேலாடையில் சித்திரமாகிவிட்டது. அரசியின் கோப்பை வேலைப்பாடு மிக்கது; ஆனால் அதற்கு மூடி போட்டிருக்கிறது. அவள் அதையே உற்று நோக்குகிறாள். உள்ளே இருப்பது நமக்குத் தெரிவதில்லை. அரசன் கடல் நடுவே கல்லாசனத்தில் வீற்றிருக்கிறான். மீன் அவன் கழுத்தில் பதக்கமாகத் தொங்குகிறது. உயிருள்ள மீன் ஒன்று பின்னால் கடலில் துள்ளுகிறது. அரசன் தன் கோப்பையைக்கூடப் பார்க்கவில்லை. பதவி உயர உயர மீன் என்ன ஆயிற்று? உயிர் ஆடையாயிற்று, ஆடை அணிகலன் ஆயிற்று. இதைப் பமீலா எண்ணியே வரைந்தாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. படம் இதைச் சொல்கிறது. நான்கு சீட்டுகளில் மிகத் தாழ்ந்த பதவியில் இருப்பவன் ஒருவனிடமே மீன் நேருக்கு நேர் பேசுகிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

சீட்டு நாளை நடப்பதைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. கலைத்துப் போட்ட 78 தாள்களில் ஒன்று மேலே வருவது நிகழ்தகவுக் கணக்கு. அதற்கும் நம் தேர்வு எண்ணுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் கோப்பையில் எழும் மீனை அறிவியல் அறியும். பென்சீன் மூலக்கூறு வளைய வடிவம் கொண்டது என்று கெக்குலே 1865இல் வெளியிட்டார். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒன்றை அரைத் தூக்கத்தில் கண்டதே அந்த எண்ணத்துக்கு வித்து என்று 1890இல் ஒரு விழாவில் அவர் கூறினார். பாம்பைக் கண்டதால் மட்டும் வளையம் மெய்யாகிவிடவில்லை. சோதனைகள் அதைத் தாங்க வேண்டியிருந்தது. மீன் எழுவது ஒரு கணம். அதைப் படமாக்குவது ஆறு மாத உழைப்பு. இரண்டில் எது இல்லாவிட்டாலும் சீட்டு வெறும் தாளே.

பமீலாவின் பிற்கால வாழ்க்கையை விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை, சுருக்கிச் சொல்கிறேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்துக்காகப் படங்கள் வரைந்தார். 1911இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டு பிராம் ஸ்டோக்கரின் கடைசி நாவலுக்கும், 1913இல் எல்லன் டெர்ரி ருஷ்ய நடனத்தைப் பற்றி எழுதிய நூலுக்கும் படம் வரைந்தார். பிறகு வாய்ப்புகள் குறைந்தன. முதல் உலகப் போருக்குப் பின் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சொத்து கொஞ்சம் கிடைத்தது. அதைக் கொண்டு இங்கிலாந்தின் தென்கோடியான கார்ன்வாலில், லிசார்டு முனையில், ஒரு வீட்டைப் பிடித்தார். குருமார்கள் ஓய்வுக்கு வந்து தங்கும் விடுதியாக அதை நடத்தினார். அதில் வருவாய் வரவில்லை. வரைவதை அவர் விடவில்லை, வாங்குவார்தான் இல்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கார்ன்வாலின் பியூடு நகரில் காலமானார். வயது 73. கடனை அடைப்பதற்காக அவருடைய உடைமைகள் ஏலத்தில் போயின. அவர் புதைந்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றும் நிற்கவில்லை.

இருபது ஆண்டுகள் சென்றன. 1971இல் அமெரிக்காவில் யு. எஸ். கேம்ஸ் நிறுவனம் அந்தக் கட்டை மீண்டும் அச்சிட்டது. அது காட்டுத் தீ போல் பரவியது. பிறகு வந்த எத்தனையோ புதிய கட்டுகள் பமீலா அமைத்த காட்சிகளையே வேறு உடை உடுத்தி வரைந்தன. யார் இந்தப் படங்களை வரைந்தவர் என்று மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினார்கள். கீழ்ப்பகுதியில் இருந்த அந்தக் கொடிமுத்திரை பேசத் தொடங்கியது. நூற்றாண்டு நிறைவை ஒட்டி 2009இல் வெளிவந்த கட்டுக்கு 'ஸ்மித்-வெயிட்' என்று பெயர் சூட்டினார்கள். நூறு ஆண்டுக்குப் பின் பெயர் முன்னே வந்தது! 2018இல் அவருடைய வாழ்க்கையையும் ஓவியங்களையும் திரட்டிய பெருநூல் வெளிவந்தது. அவர் பட்டம் பெறாமல் விட்டுச் சென்ற பிராட் கலைக்கழகமே 2019இல் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

இதில் சட்டம் செய்த வேடிக்கை ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரு படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் நிற்கும். இந்தக் கட்டின் உரிமையை யார் இறந்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள் தெரியுமா? வெயிட் 1942இல் இறந்தார். ஆனால் கணக்கு 1951இலிருந்து ஓடி, 2021இன் முடிவில் நின்றது. உரிமைப் பணத்தை அனுபவிக்காதவரின் உயிரே அந்த உரிமைக்கு அளவுகோல் ஆயிற்று. கூலி கொடுத்தபோது அவரைச் சிறியவராக எண்ணியது உலகம். கணக்குப் பார்த்தபோது படைத்தவர் அவரே என்று ஒப்புக்கொண்டது.

நண்பர்களே, நாம் எல்லோரும் இப்போது ஏவலர் நிலையில் இருப்பவர்கள். ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கருவியைத் துடைக்கிறோம். இரவில் அளவுகளைக் குறிக்கிறோம். பிறர் திட்டத்துக்குப் படம் வரைந்து கொடுக்கிறோம். நாளை நம்மில் சிலர் குதிரை ஏறலாம்; சிலர் ஆசனத்தில் அமரலாம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அந்த ஆசை சற்று மிகுதி. அது குற்றமும் அன்று. பமீலாவின் வாழ்க்கை நமக்கு இரண்டு கடமைகளைக் காட்டுகிறது. முதலாவது, செய்த வேலையில் நம் முத்திரையை இட மறக்கக் கூடாது. கூலி குறைந்தாலும் பெயரை விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டாவது, நாம் ஆசனத்தில் அமரும் நாளில், நமக்காக உழைத்த ஏவலனின் பெயரை முதல் பக்கத்தில் எழுத வேண்டும். இந்த இரண்டாவதுதான் கடினமானது.

கோப்பை ஏவலனின் பொருள் என்ன என்று இனி யாரேனும் என்னிடம் கேட்டால் சொல்வதற்கு விடை உண்டு. எதிர்பாராதது எழுந்து பேசும்போது அதைக் கேட்கும் பணிவு. கேட்டதைக் கைவேலையாக்கும் உழைப்பு. இவ்விரண்டும் சேர்ந்ததே அந்தச் சீட்டு. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு முத்திரை இருக்கும். அதையும் சேர்த்துப் படியுங்கள்.